ஆம்பளைத்தனம் குறையுதா? – ஆறு சேவலில் ஆரம்பித்த கதை

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதனால ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. தலைப்பைப் பாத்துட்டு வேற ஏதோ எதிர்பார்த்து ஓடி வந்தவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம். இது கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் அறிவியல், கடைசியில கொஞ்சம் புலம்பல் :-)

"அந்தக் காலத்து ஆளுங்க மாதிரி வருமா? இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு மூட்டை தூக்கத் தெம்பு இல்ல." இதை டீக்கடையில கேக்காத ஆள் நம்மூர்ல கிடையாது. நம்ம தாத்தா நம்ம அப்பாவைப் பாத்து இதைத்தான் சொல்லியிருப்பார். அவரோட அப்பா அவரைப் பாத்தும் சொல்லியிருப்பார். ஆக, இது பெருசுங்க வழக்கமா பாடுற பாட்டுன்னு தள்ளிவிட்டுப் போயிடலாம்.

ஆனா 2007-ல அமெரிக்காவுல இருந்து வந்த ஒரு ஆராய்ச்சி, இந்தப் பாட்டுக்கு ஒரு நம்பரைக் குடுத்திருச்சு. ஆண்களோட ரத்தத்துல ஓடுற டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன், தலைமுறைக்குத் தலைமுறை குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு. அதுக்கப்புறம் இதை வச்சு யாரு யாரோ கல்லா கட்டிக்கிட்டு இருக்காங்க. முன்னாடி சுவத்துல "இளமையில் செய்த தவறுகளா?"ன்னு எழுதி வச்சு லாட்ஜ்ல ரூம் போட்டவங்க செஞ்ச வேலையை, இப்ப மொபைல்ல வர்ற வீடியோ செய்யுது. ஆளு மாறியிருக்கு, பயம் அதேதான்.

அந்த நம்பர் நெஜமா? நெஜம்னா காரணம் என்ன? இதுக்குப் பதில் சொல்ல கொஞ்சம் பின்னாடி போகணும். கொசுவத்தி சுத்திக்கோங்க. 1849.

ஆறு சேவல்கள்

காளையைக் காயடிச்சா சாதுவா வண்டி இழுக்கும்னு நம்ம விவசாயிங்களுக்குப் பல ஆயிரம் வருஷமா தெரியும். ஏன் அப்படி ஆகுதுன்னு மட்டும் யாரும் கேக்கலை. ஜெர்மனியில கொட்டிங்கென் பல்கலைக்கழகத்துல இருந்த ஆர்னால்ட் பெர்தோல்ட் கேட்டார். ஆறு சேவல் எடுத்துக்கிட்டார். ரெண்டுக்கு விரையை முழுசா எடுத்துட்டார். அதுங்க கொண்டை சுருங்கி, கூவாம, சண்டைக்குப் போகாம மந்தமா ஆயிருச்சு. மத்த நாலுக்கும் விரையை அதோட இடத்துல இருந்து பிரிச்சு, வயித்துக்குள்ளயே வேற இடத்துல விட்டு வச்சார். சிலதுல ஒண்ணோட விரையை எடுத்து இன்னொண்ணு வயித்துல வச்சார். இந்த நாலும் ஜம்முனு கொண்டை சிலிர்த்துக்கிட்டு, கூவிக்கிட்டு, பெட்டையைத் துரத்திக்கிட்டுத் திரிஞ்சது.

அறுத்துப் பாத்தா பழைய நரம்புத் தொடர்பு எதுவும் இல்லை. ரத்தக் குழாய் மட்டும் புதுசா வளர்ந்திருந்துச்சு. அப்படின்னா விரை ஏதோ ஒண்ணை ரத்தத்துல கலக்குது, அதுதான் சேவலைச் சேவலாக்குது. இன்னைக்கு ஹார்மோன்னு நாம சொல்ற சமாச்சாரத்துக்கு இதுதான் முதல் சோதனைச் சாட்சி. நாலே பக்கத்துல எழுதி வெளியிட்டார். ஒருத்தரும் கண்டுக்கலை. நல்ல பதிவுக்குப் பின்னூட்டம் வராம போறது அப்பவே ஆரம்பிச்சிருச்சு பாருங்க.

பாரிஸ் பெரியவர்

அடுத்து 1889, ஜூன் 1. பாரிஸ்ல ஒரு விஞ்ஞானிகள் கூட்டம். பேச எழுந்தவர் பிரவுன்-செக்கார். மொரீஷியஸ்ல பிறந்தவர், 72 வயசு, உலகப் புகழ் பெற்ற நரம்பியல் நிபுணர். தண்டுவடம் பாதி அறுபட்டா வர்ற கோளாறுக்கு இன்னைக்கும் அவர் பேர்தான். அப்படிப்பட்ட ஆளு அன்னைக்கு எழுந்து நின்னு, நாயோட விரை, கினிப் பன்றியோட விரை இதையெல்லாம் நசுக்கிச் சாறெடுத்துத் தனக்குத்தானே ஊசி போட்டுக்கிட்டேன்னார். படி ஏறும்போது மூச்சு வாங்கலை, மணிக்கணக்கா வேலை செய்ய முடியுது, மூளை சுறுசுறுப்பா இருக்குன்னு அடுக்கினார். சிறுநீர் எவ்வளவு தூரம் போய் விழுதுன்னு கூட ஊசிக்கு முன்னாடி, ஊசிக்குப் பின்னாடின்னு அளந்து வச்சிருந்தார். சத்தியமாங்க!

சக விஞ்ஞானிங்க நெளிஞ்சாங்க. ஆனா பத்திரிகைங்க விடலை. கொஞ்ச மாசத்துல ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் டாக்டருங்க இந்தச் சாறைப் போட ஆரம்பிச்சுட்டாங்க. 2002-ல ஆஸ்திரேலியாவுல சிலர் அவர் சொன்ன அதே முறையில நாய் விரையில சாறெடுத்துப் பாத்தாங்க. அதுல இருந்த டெஸ்டோஸ்டிரோன் உடம்புல எந்த மாற்றமும் செய்ய முடியாத அளவுக்குத் துளியூண்டு. காரணம் சிம்பிள். விரை இந்த ஹார்மோனைச் சேமிச்சு வைக்கிறதில்லை, செய்யச் செய்ய ரத்தத்துல அனுப்பிடும். போதாததுக்கு அது தண்ணியில சரியா கரையவும் கரையாது. ஆக, பெரியவருக்கு வந்த தெம்பு முழுக்க நம்பிக்கையோட தெம்பு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி உதவும்.

குரங்கு, ஆடு, கவிஞர்

1920-கள்ல கூத்து உச்சத்துக்குப் போச்சு. முதல் உலகப்போர்ல ஒரு தலைமுறை ஆம்பளைங்களைப் பறிகொடுத்த ஐரோப்பா. இளமையைத் திருப்பித் தர்றேன்னு யார் சொன்னாலும் கேக்கத் தயாரா இருந்துச்சு.

பாரிஸ்ல செர்ஜ் வோரனாஃப் 1920-ல இருந்து குரங்கு விரையைச் சீவல் சீவலா வெட்டிப் பணக்காரக் கிழவர்களுக்கு ஒட்டு வச்சார். வியன்னாவுல ஓய்கன் ஸ்டைனாக் வேற ரூட்டு. விந்துக் குழாயைக் கட்டிட்டா, விந்தணுவுக்குப் போற சக்தி ஹார்மோன் பக்கம் திரும்பும்னார். நம்ம குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் மாதிரிதான், பேரு மட்டும் இளமை ஆபரேஷன். சிக்மண்ட் ஃப்ராய்ட் 1923-ல செஞ்சுக்கிட்டார். நோபல் வாங்கின ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் 1934-ல செஞ்சுக்கிட்டு, எனக்கு இளமை திரும்பிருச்சுன்னு நம்பினார். கடைசி சில வருஷம் நிறைய எழுதவும் எழுதினார். நம்பிக்கை மறுபடி வேலை செஞ்சிருக்கு!

எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்து ஜான் பிரிங்க்ளி. சரியான படிப்பு இல்லாம டாக்டர் பட்டத்தைக் காசு குடுத்து வாங்கினவர். வெள்ளாட்டு விரையை மனுஷனுக்கு வச்சுத் தைக்க 750 டாலர். அந்தக் காலத்து 750 டாலர்! சொந்தமா ரேடியோ நிலையம் வச்சு அதுலயே வைத்தியக் குறிப்பு சொல்லி ஆள் புடிச்சார். ராத்திரி டிவியில கண்ணாடி போட்டுக்கிட்டு நேயர் கேள்விக்குப் பதில் சொல்ற வைத்தியர்களுக்கு இவர்தான் கொள்ளுத் தாத்தா. 1930-ல மருத்துவ லைசென்ஸைப் புடுங்கினாங்க. அசராம அதே வருஷம் கவர்னர் எலக்ஷன்ல நின்னு லட்சக்கணக்குல ஓட்டு வாங்கித் தோத்தார். அப்புறம் மெக்சிகோ எல்லையில போய் இன்னும் பெரிய ரேடியோ ஸ்டேஷன் போட்டார். 1939-ல இவரைப் போலி வைத்தியர்னு எழுதின மருத்துவ இதழ் ஆசிரியர் மேல அவதூறு வழக்குப் போட்டு, அதுல தோத்து, 1942-ல திவாலாகிச் செத்துப் போனார். அதுக்குள்ள ஆயிரக்கணக்கான பேர் ஆட்டு விரையோட வீட்டுக்குப் போயிருந்தாங்க. சிலர் வீட்டுக்கே போகலை, சுடுகாட்டுக்குத்தான் போனாங்க.

கெமிஸ்ட்ரி ஜெயிச்ச கதை

இந்தக் கூத்து நடக்குறப்பவே பேசாம வேலை பாத்த ஆளுங்களும் இருந்தாங்க. 1927-ல சிகாகோவுல ஃப்ரெட் கோக்கும் அவர் மாணவர் மெக்கீயும் கசாப்புக் கிடங்குல இருந்து 40 பவுண்டு காளை விரை வாங்கி 20 மில்லிகிராம் சத்து எடுத்தாங்க. அதைக் காயடிச்ச சேவலுக்குக் குடுத்தா கொண்டை திரும்ப வளர்ந்துச்சு. மறுபடி சேவல்! 1931-ல ஜெர்மனியில அடோல்ஃப் புட்டனாண்ட் போலீஸ்காரங்க சிறுநீரை ஆயிரக்கணக்கான லிட்டர் வாங்கிக் காய்ச்சி, சில மில்லிகிராம் ஆண்ட்ரோஸ்டிரோன் எடுத்தார். 1935-ல ஆம்ஸ்டர்டாம்ல லாக்கர் குழு காளை விரையில இருந்து அசல் சரக்கைப் பிரிச்சு எடுத்து டெஸ்டோஸ்டிரோன்னு பேர் வச்சாங்க. அதே வருஷம் புட்டனாண்டும், சுவிட்சர்லாந்துல ரூசிச்காவும் தனித்தனியா அதைக் கொலஸ்டிராலில் இருந்து லேப்லயே செஞ்சு காட்டினாங்க. ரெண்டு பேருக்கும் 1939-ல நோபல் பரிசு. ஹிட்லர் அரசு புட்டனாண்டை வாங்க விடலை, அது தனிக்கதை.

ஆக, மருந்து கையில வந்தாச்சு. ஆனா ஒருத்தர் ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு அளக்கத்தான் வழி இல்லை. ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல சில நூறு நானோகிராம்தான் இருக்கும். ஒரு நானோகிராம்ங்கிறது ஒரு கிராம்ல நூறு கோடியில ஒரு பங்கு. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950-களோட கடைசியில கதிரியக்கத்தை வச்சு ஹார்மோனை அளக்கற முறையைக் கண்டுபிடிச்சாங்க. யாலோவுக்கு 1977-ல நோபல். பெர்சன் அதுக்கு முன்னாடியே இறந்துட்டார். டெஸ்டோஸ்டிரோனை இந்த முறையில சுலபமா அளக்க ஆரம்பிச்சது 1970-களை ஒட்டித்தான்.

இதை ஏன் சொல்றேன்னா, "எங்க தாத்தாவுக்கு இவ்வளவு இருந்துச்சு, உனக்குப் பாதிதான்"னு யாராவது சொன்னா உஷாராயிடுங்க. தாத்தா வாலிபத்துல இருந்தப்ப அளக்கற கருவியே கிடையாது.

அந்த 2007 நம்பர்

இப்ப மேட்டருக்கு வருவோம். பாஸ்டன் பக்கத்துல மாசச்சூசெட்ஸ் ஆண்கள் முதுமை ஆய்வுன்னு ஒண்ணு. 1987-89, 1995-97, 2002-04னு மூணு தடவை ரத்தம் எடுத்தாங்க. வயசு 45-ல இருந்து 79 வரைக்கும் சுமார் 1,500 பேர். 2007-ல டிராவிசன் குழு இதை அலசினாங்க.

வயசானா டெஸ்டோஸ்டிரோன் குறையும், அது எல்லாருக்கும் தெரிஞ்சது. இவங்க பாத்தது அது இல்லை. 1988-ல 60 வயசா இருந்த ஒருத்தரையும், 2003-ல 60 வயசா இருந்த இன்னொருத்தரையும் பக்கத்துல வச்சாங்க. ஒரே வயசு, ஆனா பின்னவருக்குக் கம்மி. வருஷத்துக்குச் சுமார் 1.2 சதவீதம். சின்ன நம்பரா தெரியும். கூட்டு வட்டி போட்டுப் பாருங்க, 15 வருஷத்துல 17 சதவீதம் வரும். உடல் எடை, சிகரெட், மாத்திரைன்னு எல்லாத்தையும் கணக்குல கழிச்ச பிறகும் குறைவு முழுசா மறையலை.

அதே வருஷம் டென்மார்க்குல 5,350 பேரோட பழைய ரத்த மாதிரிகளை எடுத்து (1982-ல இருந்து 2001 வரை) பாத்தாங்க. அங்கயும் குறைவு. ஆனா அங்க உடல் பருமனைக் கணக்குல எடுத்ததும் டெஸ்டோஸ்டிரோன் குறைவு பெரும்பாலும் காணாமப் போச்சு. 2013-ல ஃபின்லாந்து ஆய்வுலயும் குறைவு தெரிஞ்சது. அங்க பருமன் மட்டும் காரணமா இல்லை. இன்னொரு பக்கம், அமெரிக்க அரசோட தேசிய உடல்நலக் கணக்கெடுப்புல 1988-91 மாதிரிகளையும் 1999-2004 மாதிரிகளையும் ஒப்பிட்டுப் பாத்தப்ப குறைவே பெருசா தெரியலை. பிறகு 1999-ல இருந்து 2016 வரைக்கும் அதே கணக்கெடுப்புல இளைஞர்களைப் பாத்த இன்னொரு ஆய்வு, சராசரி 605-ல இருந்து 451-க்கு இறங்கிருச்சுன்னு 2021-ல சொல்லுச்சு. மொபைல் வீடியோக்காரங்களுக்கு இந்த நம்பர்னா அல்வா மாதிரி.

இங்கதான் நம்ம பொழப்போட ஒரு பாடம் வருது. அந்த நடு வருஷங்கள்ல கணக்கெடுப்புல அளக்கற முறையே மாறிருச்சு. முதல்ல எதிர்ப்பொருள் வச்சு அளக்கற பழைய முறை, அப்புறம் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி. புரொடக்ஷன்ல லாக் எழுதற டூலையே மாத்திட்டு, பழைய லாக்கையும் புது லாக்கையும் ஒரே கிராஃப்ல போட்டு "பாருங்க சார், பெர்ஃபார்மன்ஸ் படுத்திருச்சு"ன்னா மேனேஜர் ஒத்துக்குவாரா? போதாததுக்கு, இந்த ஹார்மோன் இளவயசுல காலையில உச்சத்துல இருக்கும், சாயங்காலம் இறங்கிடும். எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தாங்கங்கிறதே விடையை மாத்தும்.

எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சா, குறைவு உண்டுன்னுதான் பல நாட்டு ஆய்வுங்க காட்டுது. எவ்வளவுங்கிறதுல சண்டை இருக்கு. எதனாலங்கிறதுல அதைவிடப் பெரிய சண்டை.

குற்றவாளிக் கூண்டு

முதல் ஆள், தொப்பை. கொழுப்புத் திசுவுல அரோமடேஸ்னு ஒரு நொதி இருக்கு. அது டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ரடையோல்ங்கிற பெண் ஹார்மோனா மாத்திடும். எடை கூடி இன்சுலின் ஏற ஏற, ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்துக்கிட்டுப் போற புரதமும் குறையும். டைப் 2 சர்க்கரை வியாதி உள்ள ஆண்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு இந்த ஹார்மோன் கம்மியா இருக்கறதா 2004-ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. 2023-ல வந்த தேசியக் கணக்குப்படி நம்ம நாட்டுல 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை. இது நம்ம வீட்டுப் பிரச்சினைங்க. நல்ல விஷயம், எடை குறைஞ்சா ஹார்மோன் திரும்ப ஏறும்.

ரெண்டாவது, தூக்கம். சிகாகோவுல 2011-ல 10 ஆரோக்கியமான வாலிபப் பசங்களை ஒரு வாரம் ராத்திரிக்கு 5 மணி நேரம் மட்டும் தூங்க விட்டாங்க. பகல்ல அளந்தா டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. பத்தே பேருங்கிறதால இதை வேதவாக்கா எடுத்துக்க வேணாம். ஆனா ராத்திரி 11 மணிக்கு கிளையன்ட் கால், காலையில 6 மணிக்கு கம்பெனி பஸ்ஸுன்னு வாழற நம்ம சங்கத்து ஆளுங்களுக்கு இதைப் படிச்சா வயித்தைக் கலக்கும்.

மூணாவது, வேடிக்கையான ஆள், சிகரெட். புகை பிடிக்கிறவங்களுக்கு இந்த ஹார்மோன் கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கும். ஊர் உலகம் சிகரெட்டை விட விட, சராசரி கொஞ்சம் இறங்கியிருக்கலாம். இதைக் கேட்டுட்டு யாரும் பொட்டிக்கடைக்குக் கிளம்பிடாதீங்க. நம்பர் கூடினா ஆரோக்கியம் கூடுதுன்னு அர்த்தம் இல்லைங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நாலாவது, ரசாயனம். இதுக்கு ஒரு சோகமான முன்கதை இருக்கு. 1977-ல கலிஃபோர்னியாவுல லாத்ரோப்ங்கிற ஊர்ல ஒரு பூச்சிமருந்து ஆலை. அங்க வேலை செஞ்சவங்க தங்களுக்குள்ள பேசிக்கும்போதுதான் ஒரு விஷயம் உறைச்சது. யாருக்குமே அண்மையில குழந்தை பிறக்கலை. சோதிச்சுப் பாத்தா பலருக்கு விந்தணுவே இல்லை. காரணம் அவங்க தயாரிச்ச டி.பி.சி.பி.ங்கிற மருந்து. எலிகளோட விரையை இது சுருக்குதுன்னு 1961-லயே அச்சுல வந்திருந்துச்சு. பதினாறு வருஷம் கழிச்சு, அதே விஷயத்தைத் தொழிலாளிங்க தங்களோட உடம்புல கண்டுபிடிச்சாங்க. இது விந்தணுவைக் கொன்ன கதை, ஹார்மோனைக் குறைச்ச கதை இல்லை. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது. ஆனா ஆம்பளை உடம்பும் ரசாயனத்துக்குத் தப்பாதுன்னு உலகத்துக்கு உறைச்சது இதுக்கப்புறம்தான்.

அப்புறம் ஃப்ளோரிடாவுல அபோப்கா ஏரி. 1980-ல அங்க ஒரு பூச்சிமருந்து கம்பெனியோட கழிவு ஏரியில கலந்துச்சு. லூயி கில்லெட்ங்கிற விஞ்ஞானி அந்த ஏரி முதலைங்களை ஆராய்ஞ்சு, ஆண் குட்டிங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ரொம்பக் கம்மியா, உறுப்பும் சின்னதா இருக்குன்னு 1990-கள்ல எழுதினார். பிளாஸ்டிக்கை வளைய வைக்கற தாலேட் வகையறாவைக் கர்ப்பமான எலிக்குக் குடுத்தா ஆண் குட்டியோட ஹார்மோன் குறையுதுன்னும் லேப்ல காட்டியிருக்காங்க. மனுஷங்க விஷயத்துல, நாம தினம் தொடற அளவே இந்தக் குறைவுக்குக் காரணம்னு இன்னும் நிரூபணம் ஆகலை. சந்தேகப் பட்டியல்ல இருக்கு, தீர்ப்பு வரலை.

காட்டுல இருக்கறவனுக்குக் கூடவா?

இதுவரைக்கும் படிச்சவங்களுக்கு ஒரு ட்விஸ்ட். நவீன வாழ்க்கைதான் ஆம்பளைத்தனத்தைக் கெடுத்ததுன்னா, நவீனமே தீண்டாத ஆளுக்கு இந்த ஹார்மோன் எகிறி நிக்கணும் இல்லையா? பொலிவியா காட்டுல சிமானேன்னு ஒரு பழங்குடி. வேட்டை, மீன்பிடி, சின்ன விவசாயம்னு நாள் முழுக்க உடம்பு உழைப்பு, தொப்பை அரிது. 2012-ல வந்த ஆய்வுல அவங்க டெஸ்டோஸ்டிரோன் அமெரிக்க ஆண்களை விட 33 சதவீதம் கம்மி! கிருமி, குடல்புழு, அளவான சாப்பாடுன்னு வாழற உடம்பு அந்த ஹார்மோனைச் சிக்கனமாத்தான் செலவழிக்கும்ங்கிறாங்க. ஆனா கால்பந்து ஆடினா, அமெரிக்கருக்கு ஏறுற மாதிரியே அவங்களுக்கும் ஏறுது. இங்கிலாந்துல சின்ன வயசுலயே குடியேறி வளர்ந்த பங்களாதேஷ் ஆண்களுக்கு, ஊர்லயே வளர்ந்தவங்களை விட அதிகம்னு 2018-ல இன்னொரு ஆய்வு.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. பிலிப்பைன்ஸ்ல செபு நகரத்துல 624 இளைஞர்களைச் சில வருஷம் தொடர்ந்து பாத்து 2011-ல எழுதினாங்க. முதல்ல டெஸ்டோஸ்டிரோன் அதிகமா இருந்தவங்களுக்குத்தான் அதிகமா ஜோடி அமைஞ்சு குழந்தை பிறந்துச்சு. அப்பா ஆனதும் அவங்களுக்கே கடகடன்னு இறங்குச்சு. குழந்தையைத் தினம் மூணு மணி நேரத்துக்கு மேல கவனிச்சுக்கிட்ட அப்பாக்களுக்கு இன்னும் கம்மி. அதாவது, புள்ளையைத் தூக்கிக் கொஞ்சற அப்பனுக்கு நம்பர் குறையுது. அதை வியாதின்னு சொல்றதா? நம்ம அப்பாக்கள்ல பாதிப் பேர் நம்மளைத் தூக்கியே இருக்க மாட்டாங்க. அந்த நம்பர்தான் வேணுமான்னு யோசிங்க மக்களே.

தண்ணித் தொட்டியும் லாரித் தண்ணியும்

இப்ப புலம்பல் பகுதி. 2000-ல அமெரிக்காவுல தோள்ல தடவிக்கற டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லுக்கு அனுமதி கிடைச்சுது. "சோர்வா இருக்கீங்களா? சாப்பிட்டதும் தூக்கம் வருதா?"ன்னு விளம்பரம். யாருக்குத்தான் வராது? அங்க 40 வயசைத் தாண்டின ஆண்கள்ல இதை எடுத்துக்கிட்டவங்க பங்கு 2001-ல இருந்து 2011-க்குள்ள மூணு மடங்குக்கு மேல ஆச்சு. வெறும் வயசானதுக்காக இதை எழுதிக் குடுக்காதீங்கன்னு 2015-ல அரசு எச்சரிக்க வேண்டி வந்துச்சு. விரையோ பிட்யூட்டரியோ நெஜமாவே பழுதான ஆளுக்கு இது அருமையான மருந்து, அதுல சந்தேகம் இல்லை. அது பழுதாகாத ஆளுக்குத்தான் நான் பேசறேன்.

நம்மூருக்கு அது ஜிம் வழியா வந்திருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, 26 வயசு. ஆளு ஆரோக்கியமாத்தான் இருந்தான். வீடியோ பாத்துப் பயந்து, யாரோ ஒரு பயிற்சியாளர் பேச்சைக் கேட்டு ஊசி போட ஆரம்பிச்சான். கை, மார்பெல்லாம் நல்லா ஏறுச்சு. கல்யாணம் ஆச்சு. ரெண்டு வருஷமா குழந்தை இல்லை. நம்ம ஊர் வழக்கப்படி அந்தப் பொண்ணைத்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா, கோயில் கோயிலா அலைய விட்டாங்க. ஸ்கேன், ஊசி, மாத்திரை, மாமியார் பேச்சு எல்லாம் அந்தப் பொண்ணுக்கு. கடைசியில ஒரு டாக்டர் அவனைத் தனியா கூப்பிட்டு "ஜிம்ல ஏதாவது போட்டுக்கறியா தம்பி?"ன்னு கேட்டப்பதான் விஷயம் வெளிய வந்துச்சு. விந்தணு எண்ணிக்கை பூஜ்யம்.

எப்படின்னு புரிய, மொட்டை மாடித் தண்ணித் தொட்டியை நினைச்சுக்கோங்க. தண்ணி குறைஞ்சா மோட்டார் தானா ஓடும், நிறைஞ்சா தானா நிக்கும். மூளையில பிட்யூட்டரிதான் அந்த ஆட்டோமேட்டிக் சுவிட்சு, விரைதான் மோட்டார். நீங்க வெளியில இருந்து லாரித் தண்ணியைக் கொட்டிக்கிட்டே இருந்தா தொட்டி எப்பவும் நிறைஞ்சிருக்கும், மோட்டார் ஓடவே ஓடாது. விந்தணு செய்யறதும் அதே மோட்டார் அறையில நடக்கற வேலை. அதுவும் நின்னுடும். விரையும் சுருங்கிடும்.

இது யாரும் மறைச்சு வச்ச ரகசியமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 7 நாட்டுல 271 ஆண்களுக்கு வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுப் பாத்து 1990-ல எழுதுச்சு. 157 பேருக்கு விந்தணு பூஜ்யத்துக்குப் போச்சு. எதுக்காக அந்தச் சோதனைன்னு நினைக்கிறீங்க? ஆண்களுக்கான கருத்தடை ஊசியா இதைப் பயன்படுத்தலாமான்னு பாக்கறதுக்கு! ஆம்பளைத்தனத்தைக் கூட்டும்னு நம்ம பசங்க காசு குடுத்துப் போட்டுக்கறது, விஞ்ஞானிங்க கருத்தடைக்காகச் சோதிச்ச மருந்து. நிறுத்தினா பெரும்பாலும் திரும்ப வரும், ஆனா மாசக்கணக்குல, சிலருக்கு வருஷக்கணக்குல காத்திருக்கணும். நான் சொன்ன தம்பி இப்ப அந்தக் காத்திருப்புலதான் இருக்கான். அந்தப் பொண்ணுகிட்ட இதுவரைக்கும் அவங்க வீட்டுல யாரும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கலை.

பிரிங்க்ளிகிட்ட ஆட்டு விரை வச்சுக்கிட்ட ஆளுங்களைப் பாத்து நாம சிரிக்கிறோம். வோரனாஃப், ஸ்டைனாக், லாட்ஜ் வைத்தியர், ஜிம் ஊசி எல்லாத்துக்கும் அடியில ஓடுறது ஒரே பயம்தான். "நான் ஆம்பளையா இல்லையா?" அந்தக் கேள்விக்கு 1889-ல சாறு வித்தாங்க, இப்ப நானோகிராம்ல விக்கிறாங்க. இந்தத் தடவை வித்தியாசம் என்னன்னா, குறைவுங்கிறதுல உண்மையும் கொஞ்சம் கலந்திருக்கு. அதனாலதான் இது பழசை விட ஆபத்து.

உண்மையான பகுதிக்கு வைத்தியம் சப்புன்னு இருக்கும். தொப்பையைக் குறை, ராத்திரி தூங்கு, சர்க்கரையைச் சோதி. சந்தேகம் இருந்தா காலையில ரத்தம் குடுத்து, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்து, ஹார்மோன் டாக்டர்கிட்ட மட்டும் பேசு. பூச்சிமருந்து ஆலையும் பிளாஸ்டிக்கும் நாம தனியா சரிபண்ற விஷயம் இல்லை, அது அரசாங்கம் கேள்வி கேக்க வேண்டிய இடம். லாத்ரோப்ல தொழிலாளிங்க கேட்டதாலதான் அந்த மருந்து நின்னுச்சு.

அப்புறம், குழந்தை இல்லைன்னா முதல்ல டெஸ்டுக்குப் போக வேண்டியது யாருங்கிறதையும் கொஞ்சம் யோசிங்க. ஒரு டப்பா, அரை மணி நேரம், வலியே இல்லை. ஆம்பளைன்னா அதுக்குத் தைரியம் இருக்கணும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். மாத்திரை பேர் கேட்டுத் தனிமடல் போடாதீங்க, சொல்ல மாட்டேன். மணி பன்னெண்டாகுது, 10-15 சதவீதத்தைக் காப்பாத்தப் போறேன். குட்நைட் :-)